சீல் வைத்த லிஃப்ட்

"லிஃப்ட் தயாரிப்பாளர் சங்கத்துலயே லிஃப்ட் ஓடலையா? பிரஸ்ஸல்ஸே சிரிப்பா சிரிக்கும்!" மூச்சிரைக்க ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்த சங்கத் தலைவர் காஸ்பார் கத்தினார்.

"யாரோ புகார் கொடுத்தாங்கன்னு காலையில நகராட்சி ஆய்வாளர் வந்தார். கயிறு தேஞ்சிருக்குன்னு சீல் வச்சுட்டார். கட்டடச் சொந்தக்காரர்கிட்ட நாம சொன்னப்பல்லாம் அவர் காதுலயே போட்டுக்கலையே," என்றாள் லீஸ்லோட். சங்கத்தின் சார்பில் அதிகாரிகளிடம் பேசுவது அவள் வேலை.

"அதுக்காக இன்னைக்கா? ஐரோப்பிய ஆணையத்து அதிகாரி இல்வா வர்ற நேரம்! பழைய லிஃப்டையெல்லாம் வருஷா வருஷம் வெளியாள் வந்து சோதிக்கணும்னு நாம தொண்டை கிழியக் கத்தறோம். சொந்தக்காரங்களே பார்த்துக்குவாங்கன்னு அந்தம்மா அசைய மாட்டேங்கறாங்க. இப்ப படி வேற ஏற விட்டா விளங்கிடும்!"

இல்வா கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காஸ்பார் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"இருங்க," என்று கையமர்த்தினார் இல்வா. "கீழே சீல்ல எழுதியிருந்ததைப் படிச்சேன். நீங்க இருக்கற கட்டடத்தையே சொந்தக்காரர் இந்த லட்சணத்துல பார்த்துக்கிட்டா, ஊர்ல மத்த லிஃப்டெல்லாம் எப்படி இருக்கும்? நீங்க கேட்ட விதியைச் சட்ட வரைவுல சேர்த்துடறேன். முதல்ல தண்ணி கொடுங்க!"

அவர் போனதும் காஸ்பார் மேசையைச் சுற்றி ஓர் ஆட்டமே போட்டார். "ஆய்வாளரை இன்னைக்குன்னு பார்த்து வரச் சொன்ன புண்ணியவான் மட்டும் கிடைக்கட்டும், கையில முத்தமே கொடுப்பேன்!"

லீஸ்லோட் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.