மூன்றாம் கூண்டுக் குட்டிகள்

முதலில் குரல்தான் கேட்டது. ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் ஒரே ஒரு லெமூர், மரம் அறுப்பது போலக் கத்தி ஓய்ந்தது. உடனே காப்பகத்து வலைக்குள் இருந்த பதினொன்றும் சேர்ந்து பதில் கத்தின.

"அது பொண்ணு கேக்குது, இதுங்க தர மாட்டேங்குது" என்றபடி உள்ளே வந்தான் சோலோ. கையில் நகரத்திலிருந்து வந்த ரத்தப் பரிசோதனைத் தாள்.

ராமனித்ரா பப்பாளி நறுக்குவதை நிறுத்தினார். எந்த லெமூரை எதனோடு ஜோடி சேர்ப்பது என்று முடிவு செய்வது இருபது வருடமாக அவர் வேலை.

"மூணாம் கூண்டுக் குட்டிங்களுக்கு அப்பன் நாம எழுதினவன் இல்லையாம் அண்ணே. பக்கத்துக் கூண்டுக்காரனாம். வலையில ஓட்டை இருந்திருக்கு." சோலோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நம்ம கிழவன் பாவம், குட்டிங்களைத் தன்னோடதுன்னு நெனச்சுப் பெருமையா உக்காந்திருக்கான்."

ராமனித்ரா சிரிக்கவில்லை. வம்சப் பதிவேட்டைத் திறந்தார். பழைய பெயரை அடித்து, சிவப்பு மையில் புதிய பெயரை எழுதினார்.

"விளையாட்டு இல்லடா. அப்பன் பேரு தப்பா இருந்தா, நாளைக்கு அண்ணனையும் தங்கச்சியையும் நாமளே ஒரே கூண்டுல அடைச்சிடுவோம்."

சோலோ வலையைத் தைக்கப் போனான். அவன் போன வழியிலேயே ராமனித்ராவின் அண்ணன் ரட்சிம்பா வந்தார். பின்னால் மனைவி நோயலின், மகன் தந்தெலி. தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த ராமனித்ராவின் மகள் மியாலி தலை நிமிரவில்லை. வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தந்தெலிக்கு மியாலியைக் கட்டி வைக்க வேண்டும். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொள்வது இந்த மலையில் புதிதில்லை. அக்கா தங்கை பிள்ளைகள்தான் கூடாது. வயல் வெளியே போகாது. போதாததற்கு இவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் இருந்தது. ராமனித்ரா மட்டும் மூன்று முறை முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரட்சிம்பா பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நாள் பார்ப்பவரிடம் கேட்டு நாள் குறித்தாயிற்று என்றார். உறவு நெருக்கத்தின் தோஷம் கழிய ஒரு மாடு வெட்டிவிட்டால் சரி, அந்த மாட்டையும் தானே தருவதாகச் சொன்னார்.

"மாடு வெட்டினா ரத்தம் மாறிடுமா அண்ணே?"

ராமனித்ரா வழக்கமான பாட்டைத் தொடங்கினார். இங்கே இருக்கிற பதினொன்றும் ஒரே ஜோடியின் வாரிசு. போன வருடம் பிறந்த ஆறு குட்டிகளில் நான்கு கண் திறக்கவே இல்லை. அக்கரைக் காடும் சுற்றிலும் வயலாகிப்போய் ஒரு துண்டாக நிற்கிறது, அதுவும் வலையில்லாத கூண்டுதான். வெளி ரத்தம் வராவிட்டால் இரண்டு பக்கமும் அழிந்துபோகும்.

"நம்ம அப்பா அம்மாவே அண்ணன் தம்பி பிள்ளைங்கதான்" என்றார் ரட்சிம்பா. "உனக்கு வாலா முளைச்சுது?"

தந்தெலி முன்னால் வந்தான். "சித்தப்பா, நாங்க லெமூர் இல்ல. எங்கிட்ட என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க."

ராமனித்ரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்துக்கொண்டே, "உங்கிட்ட ஒரு குறையும் இல்லப்பா" என்றார்.

மியாலி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இந்தக் கூண்டுங்களோடவே குடும்பம் நடத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். தந்தெலியும் எதிர்த் திசையில் நடந்தான்.

ரட்சிம்பா எழுந்து நின்றார். குரல் இறங்கிவிட்டது. "நல்லா கேட்டுக்க. நீ செத்தா நம்ம குடும்பக் கல்லறைக் கதவு உனக்குத் திறக்காது. அப்பா பக்கத்துல உனக்கு இடம் கிடையாது."

இந்த மலையில் ஒருவனிடம் இதைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. பின்னால் நின்ற நோயலின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ராமனித்ரா கத்தியைத் துணியில் துடைத்தார். "சரி அண்ணே."

ரட்சிம்பாவுக்கு நம்ப முடியவில்லை. வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த சோலோவிடம், மிருகங்களோடு கிடந்து கிடந்து இவனும் மனுஷத்தன்மையை விட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். சோலோவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் மனசை நோகடித்து, கல்லறை இடத்தையும் விட்டுக்கொடுத்து, அப்படி என்ன ரத்தக் கணக்கு?

நோயலின் மட்டும் மறந்து வைத்த ஓலைத் தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தாள். தொப்பி பதிவேட்டின் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்தவள், திறந்திருந்த பக்கத்தில் சிவப்பு மையைப் பார்த்தாள். மேலே 'தகப்பன் பெயர்' என்றிருந்த தலைப்பைப் படித்தாள்.

"இதுல அப்பன் பேரைத் திருத்த எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

"ஒரு நிமிஷம்."

"என் பையனுக்குத் திருத்த உங்களுக்கும் எனக்கும் இருபத்து நாலு வருஷம் பத்தல."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கணவர் போன பாதையில் அவரைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

அக்கரையில் அது மறுபடி கத்தியது. ராமனித்ரா பதிவேட்டை மூடினார். பாதியில் விட்ட பப்பாளியை எடுத்து, விதையை வழித்துப் போட்டுவிட்டு மீதியை நறுக்கத் தொடங்கினார்.