கவிழாத படகு

கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்ததே இல்லை.

ஆற்றில் மீன் பிடிக்கச் சின்னப் படகு வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கவுந்துடாதே?" என்றுதான். இந்த மனிதர், சுவரோரம் நிறுத்தியிருந்த கயாக் என்னும் துடுப்புப் படகுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சுலபமா கவுந்துடுறது எது?" என்று கேட்டார்.

தன் காதில்தான் கோளாறு என்று நினைத்த கடைக்காரர், வழக்கமான பாடத்தையே ஒப்பித்தார்.

"மீன் பிடிக்கன்னா அடி அகலமா, தட்டையா இருக்கணும் சார். எழுந்து நின்னுகூட தூண்டில் போடலாம். ரொம்ப நீளம் கூடாது, ஆத்து வளைவுல திருப்ப முடியாது. அதோ, குறுகலா, அடி உருண்டையா இருக்கே, அது வேகமாப் போகும். ஆனா ஒரு பக்கம் சாஞ்சா போதும், குப்புறக் கவுந்துடும்."

"அதான்! அதையே குடுங்க!" வந்தவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் என் சம்சாரத்துக்கும் ரெண்டு சீட் இருக்கணும். கல்யாண நாள் வருது. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டமே இல்லாத மடு ஒண்ணு இருக்கு. நல்ல ஆழம். அங்கதான் போறோம்."

"ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா சார்?"

"ஒருத்தருக்குத் தெரியும். போதாதா?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"லைஃப் ஜாக்கெட்..?"

"அதெல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. கலர் மட்டும் கரும்பச்சையா இருக்கட்டும். கரையிலேருந்து பார்த்தா தெரியக் கூடாது."

"மீனுக்கா சார்?"

"யாருக்குமே."

"படகுக்கு இன்சூரன்ஸ் எதாவது..?"

"படகுக்கு எதுக்கு? ஆளுக்கே போட்டாச்சு, போன மாசம்" என்றார் வந்தவர், ஒரு நல்ல காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியோடு.

சிரிக்கிறானே, படுபாவி! கடைக்காரர் மனசுக்குள் மரியாதை காற்றில் பறந்தது. இத்தனை வருஷத்தில் அவர் விற்ற படகால் ஒருவர் சட்டை நனைந்ததாகக்கூடப் புகார் வந்ததில்லை. இப்போது ஒரு பெண்ணின் உயிரே அவர் கையில். போலீஸிடம் போய் என்னவென்று சொல்வது? குறுகலான படகு கேட்பது குற்றமா?

யோசித்தார். பிறகு வாய் கூசாமல் பொய் சொன்னார்.

"அது காலையிலேயே வித்துப்போச்சு சார். அந்த மாடல் இனிமே வராது. கம்பெனியே நிறுத்திட்டான்."

அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசி, கடையிலேயே அகலமான, மேலே ஏறிக் குதித்தாலும் அசையாத கயாக் ஒன்றை அந்த ஆள் தலையில் கட்டினார். இலவசம் என்று சொல்லி இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளையும் உள்ளே திணித்தார். வந்தவர் முகம் சுண்டிப்போய், படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கடைக்காரர் ரசீதில் எழுதியிருந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டார். நல்ல வேளை, எடுத்தது மனைவியேதான்.

"அம்மா, படகுக் கடையிலேருந்து பேசுறேன். பதறாம கேளுங்க. உங்க வீட்டுக்காரர்கூட மட்டும் அந்த மடுப்பக்கம் போயிடாதீங்க!"

கவிழும் படகு, கரும்பச்சை, இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். "ஆனா கவலையே படாதீங்கம்மா. என்ன பண்ணினாலும் கவிழாத படகாத்தான் குடுத்து அனுப்பியிருக்கேன்" என்று முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை? நான் சொல்லி அனுப்பினதை ஒண்ணு விடாம அப்படியே கேட்டிருக்காரு. நீங்க பேசியே மனசை மாத்திட்டீங்க."

"நீங்க... சொல்லி அனுப்பினதா?"

"பின்னே? அந்த மனுஷனுக்கு நீச்சல்தான் தெரியாதுன்னு நெனச்சேன். ஒரு படகு வாங்கக்கூடத் தெரியலையே!"