கழித்தல் குறி

“குறியே இல்ல. நீங்க போட மறந்துட்டு என் தலையில கட்டறீங்க” என்றார் லியாவ் மாஸ்டர்.

அவர் இப்படிக் கூசாமல் பொய் சொல்வார் என்று ஜுவாங் அம்மாள் எதிர்பார்க்கவில்லை. இயந்திரத்தின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில் சாய்வுக் கோணம் நாற்பது, அதற்கு முன்னால் கழித்தல் குறி. அவளே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியது. மாஸ்டர் அந்தத் தாளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு இல்லை என்கிறார்.

தைவானில் தைச்சுங் நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்டு, இரும்புப் பாகங்கள் செதுக்கும் பட்டறை அவளுடையது. ப்ரோகிராம் எழுதுவது அவள் வேலை. செதுக்க வேண்டிய துண்டை, அதாவது ஜாப்பை, இயந்திரத்தின் மேசையில் ஏற்றி இறுக்கி, அளவு தொடங்கும் பூச்சியப் புள்ளி எங்கே, மேசை எவ்வளவு சாய வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது மாஸ்டர் வேலை. கழித்தல் குறி இருந்தால் மேசை ஒரு பக்கம் சாயும், இல்லாவிட்டால் மறுபக்கம்.

இன்று காலை அது மறுபக்கம் சாய்ந்தது. சுற்றிக்கொண்டிருந்த கட்டர் நேராகப் போய், ஜாப்பைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப்பில் முட்டியது, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் போயே போச்சு. ஐந்து அச்சில் வேலை செய்கிற இயந்திரம் பட்டறையில் அது ஒன்றுதான். அது படுத்தால் பட்டறையே படுத்த மாதிரி.

“பச்சைப் பொட்டலத்துல தேதி முடிஞ்சுபோச்சு முதலாளியம்மா, அதான் மெஷின் கோவிச்சுக்கிச்சு” என்றான் ஆபரேட்டர் ஆ-தே. இயந்திரம் சொன்ன பேச்சு கேட்க அதன் தலையில் பச்சை உறை நொறுக்குத்தீனி வைப்பது அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். அவன் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜுவாங் அம்மாளுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. போன வாரம் மாஸ்டர் எதிர்ச் சந்துப் பட்டறைக்காரனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவன் சும்மா டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. புருஷன் செத்த பிறகு இந்த ஒரு மனிதரை நம்பித்தான் அவள் பட்டறைக் கதவையே திறந்து வைத்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அவர் விறைப்பாகத்தான் இருந்தார். பாதிச் சோற்றோடு பெட்டியைத் தள்ளிவிட்டு, “கறித்துண்டைக்கூட நிறுத்திட்டீங்களா? தப்பு பண்ணுனவனுக்கு வெறும் சோறும் கீரையும்தானா?” என்று கேட்டார். ஆ-தே எட்டிப் பார்த்தான். வறுத்த கறித்துண்டு பெட்டியின் இடது பாதியில் தொடாமல் கிடந்தது.

“வேணும்னே வம்புக்கு இழுக்கறாரு, பாருங்க” என்று அவன் முதலாளியம்மாவின் காதைக் கடித்தான். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

“எதிர்ப் பட்டறைக்குப் போகணும்னா நேராச் சொல்லிட்டுப் போங்க மாஸ்டர்” என்றாள் இப்போது. “போற போக்குல என் மெஷினை ஏன் ஒடைக்கறீங்க?”

மாஸ்டரின் முகம் வெளிறியது. “அவன் கூப்பிட்டான், வரமாட்டேன்னுட்டேன். நானா ஒடைப்பேன்? ஒங்க வீட்டுக்காரர் இருந்தா என்னைப் பாத்து இப்படிக் கேட்டிருப்பாரா?”

“அவர் இருந்திருந்தா நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே வலித்தது. ஆனாலும் விடவில்லை. “ஆ-தே, நீ சொல்லு. குறி இருக்கா, இல்லையா?”

“பளிச்சுன்னு இருக்கு.”

“ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துக்கிட்டீங்க” என்றார் மாஸ்டர்.

“போதும் மாஸ்டர். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

அவள் காந்தத்தைப் பிடுங்கித் தாளை எடுத்தாள். விறுவிறுவென்று மாஸ்டரின் வலது தோளோரம் போய் நின்று, அதை விரித்துப் பிடித்தாள். “கடைசியா ஒரு தடவை பாத்துட்டுக் கெளம்புங்க.”

மாஸ்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இருக்கு. இப்ப இருக்கு” என்றார். “சத்தியமா மொதல்ல இல்ல முதலாளியம்மா.”

ஆ-தே களுக்கென்று சிரித்துவிட்டான். ஜுவாங் அம்மாளுக்கு வெறுத்துப்போனது. இத்தனை வருஷம் கூட இருந்த மனிதர், மாட்டிக்கொண்ட பிறகும் மழுப்புகிறாரே என்று ஆற்றாமையாக இருந்தது. தாளை மாஸ்டருக்கு இடப்பக்கம் நின்ற டிராலியில் எறிந்தாள். “நீங்களே வெச்சுக்கோங்க.”

மாஸ்டர் தாளைத் தேடினார். வலப்பக்கம் திரும்பினார், தரையைப் பார்த்தார், குனிந்து இயந்திரத்தின் அடியில் பார்த்தார். தாள் அவருடைய இடது முழங்கையை உரசிக்கொண்டு கிடந்தது.

“எங்க ஒளிச்சு வெச்சீங்க? குடுங்கம்மா, இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று கெஞ்சினார்.

“அடேங்கப்பா, என்னமா நடிக்கறாரு” என்று ஆ-தே மறுபடி சிரித்தான்.

ஜுவாங் அம்மாளின் கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது. மாஸ்டரின் தோளை இறுக்கிப் பிடித்து, அவரை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

“சிரிக்காத ஆ-தே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பக்கவாதம்; மனுஷனுக்கு இடப்பக்கம் எதுவுமே தெரியல.”