மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை

அவரை முதலாளி என்று கூப்பிட வேண்டிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவனும் மனைவியின் தம்பியாகப் போய்விட்டதால் “மாமா” என்றே கூப்பிட்டான்.

மொத்தச் சொத்து ஒரு ஐஸ்கிரீம் வேன். அதில் இரண்டு பேட்டரி: வண்டியைக் கிளப்ப ஒன்று, ஐஸ்பெட்டிக்கு இன்னொன்று. ஐஸ்பெட்டி பேட்டரியில் சார்ஜ் ஏறுவதையும் இறங்குவதையும் செல்போனுக்கு அனுப்பும் கருவி ஒன்றை, மச்சினனுக்குத் தெரியாமல் மாட்டியிருந்தார். அக்காவை வேவு பார்க்கத் தைரியம் இல்லாதவர், தம்பியோடு நிறுத்திக்கொண்டார்.

முப்பது நாள் பதிவையும் அச்செடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேஜையில் பரப்பினார்.

“தினமும் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் சார்ஜ் ஏறுது பாருங்க மேடம். இன்ஜின் ஓடினாத்தான் ஏறும். கேட்டா, நிழல்ல நிறுத்திட்டுத் தூங்கினேன்கிறான்!”

“அப்ப எங்கேயோ ஓட்டுறார்.”

“எதையோ கடத்துறான் மேடம். வண்டி என் பேர்ல இருக்கு. அவன் மாட்டினா கம்பி எண்ணப்போறது நான்.” செல்போனைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். “இதோ, இப்பவும் ஏறுது! பிடிங்க மேடம்... ஆனா அடிச்சிடாதீங்க. என் கல்யாணத்தன்னிக்கு என் மடியிலதான் தூங்கினான்.”

வேன் நம்பரை வாங்கிக்கொண்டு போன கான்ஸ்டபிள், முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மச்சினனோடு திரும்பினார்.

“மாமா! நீங்க எங்க இங்க?”

“நீ எங்கடா ஓட்டுறே தினமும்?”

“எங்கேயும் ஓட்டல மாமா. அந்தப் பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. மாத்துங்கன்னா காதுலயே வாங்கல. ஐஸ் உருகினா என்னைத்தான் திட்டுவீங்க. அதான்...” மச்சினன் தலையைச் சொறிந்தான்.

கான்ஸ்டபிள் கையிலிருந்த நீண்ட சார்ஜர் ஒயரைத் தூக்கிக் காட்டினார். “பின்னாடி சந்துலதான் வேன் நிக்குது மேடம். இன்ஜின் ஓடல. இந்த ஒயரை நம்ம ஸ்டேஷன் வராந்தா பிளக்குல சொருகியிருந்தார்.”

முதலாளி மெதுவாகக் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்தார். இன்ஸ்பெக்டர் அம்மா அதைவிட மெதுவாக அவற்றின் மேல் கையை வைத்தார்.

“கரண்ட் திருட்டு நடக்குதுன்னு தெரியும், ஆதாரந்தான் கிடைக்கல. வண்டிக்குச் சொந்தக்காரரே தேதி, நேரம் போட்டு முப்பது பக்கம் கொண்டாந்தது எங்க சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்.”