பெயரில்லாத கட்டுரை

மூன்றாவது வரியிலேயே நோரீனுக்குத் தெரிந்துபோயிற்று. தாளின் தலையில் பெயர் இல்லை, நாலு என்று ஒரு எண் மட்டும்தான். ஆனால் உள்ளே செத்துக்கொண்டிருந்தது அவள் புருஷன்.

ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டவள் இறங்காமல் ஸ்டியரிங் மேலேயே தாளை விரித்து மறுபடி படித்தாள். கட்டுரையில் அது பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, வெளியே பனி. நாற்பத்தாறு வயது மனிதர். தாடை வலிக்கிறது என்றவர் இஞ்சி சோடா கேட்டாராம். சட்டையைத் திறந்தால் வலது விலாவுக்குக் கீழே பழைய ஆபரேஷன் தழும்பு. 'அவர் தலை என் மடியில் இருந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. டாக்டராக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.'

பனி, தாடை வலி எல்லாம் ஆஸ்பத்திரியில் நோரீனிடம் சொன்னவை. அதை அவள் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதிருந்தாள். தழும்பைக்கூடவா உளறிவைத்தோம் என்று யோசித்தாள். சொன்னதாக ஞாபகமே இல்லை. மூன்று வருஷமாக ஒன்றாகப் படித்ததில் பேசாத பேச்சு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். இஞ்சி சோடாவும் மடியும் அந்தப் புண்ணியவதி தன் கையால் சேர்த்த மசாலா.

டெஸ்ஸா. வேறு யார் இருக்கிறார்கள்?

டுபியூக் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர வேதியியல் வகுப்பு. முதல் நாள், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே தலை நரைத்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். எப்போதோ வாங்கிய வரலாற்றுப் பட்டத்தை வைத்துக்கொண்டு, மருத்துவக் கல்லூரி கேட்கிற அறிவியல் பாடங்களை முடிக்க வந்திருந்தாள் நோரீன். இடம் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் டெஸ்ஸா. மருந்துக்கடையில் வேலை, கல்யாணம் கிடையாது. நோரீன் நுழைவுத் தேர்வுக்கு முட்டிமோதிய மாதங்களில் அவள் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய் வந்ததும் டெஸ்ஸாதான். கூடப் பிறந்தவள் இப்படிச் செய்வாளா என்று நோரீன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

விண்ணப்பம் போகுமுன் வழிகாட்டி ப்ரூயிட் சார் எல்லாருடைய கட்டுரையிலும் பெயரை எடுத்துவிட்டு, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாகத் திருத்தக் கொடுப்பார். எழுதியது யாரென்று தெரிந்தால் முகத்துக்காக நல்லதாகச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. எட்டுப் பேரில் இது நோரீன் கையில் வந்து விழுந்தது.

நோரீனின் கட்டுரையும் அதே சாவைப் பற்றியதுதான். கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண்ணை மதிக்கிற மருத்துவக் கல்லூரி மாநிலத்தில் ஒன்றே ஒன்று. இரண்டு கட்டுரையும் ஒரே மேஜைக்குப் போனால் இரண்டையும் குப்பையில் போடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு மூன்று வருஷத்துக்கு அவள் எங்கே போவாள்? பஸ்ஸில் இருந்தபடியே ப்ரூயிட் சாருக்குப் போன் போட்டாள்.

அன்று மத்தியானமே ப்ரூயிட் சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். டெஸ்ஸா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நோரீன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கேட்டிருந்தா என் ரத்தத்தையே குடுத்திருப்பேன் சார். இவ என் புருஷன் சாவை எடுத்துக்கிட்டா."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். காப்பியடித்தது உண்மையானால் தன்னால் மறைக்க முடியாது, கல்லூரிக்கு எழுதித்தான் ஆகவேண்டும், அப்புறம் டெஸ்ஸாவை எந்த மருத்துவக் கல்லூரியும் வாசல்படி ஏற்றாது என்றார்.

மன்னித்துவிடு என்று டெஸ்ஸா ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இருந்தது நோரீனுக்கு. சொல்லியிருந்தால் அப்போதே மன்னித்திருப்பாள்.

"நான் காப்பி அடிக்கல சார்," என்றாள் டெஸ்ஸா கடைசியில்.

நோரீன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப உன் மடியிலதான் செத்தாரா? எழுதக் கை கூசல உனக்கு? அவர் எங்க செத்தாருன்னாவது தெரியுமாடி?"

ப்ரூயிட் சார் கையமர்த்தினார். எங்கே நடந்தது என்று நோரீனிடம் தணிவாகக் கேட்டார்.

"வேலைக்குப் போன வீட்ல சார். பியானோவுக்குச் சுருதி சேக்குறது அவர் தொழில். சேத்துக்கிட்டிருக்கும்போதே விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் நெஞ்சை அமுக்கணும்னுகூட அந்த வீட்டுக்காரிக்குத் தெரியல. அவ மட்டும் தெரிஞ்சவளா இருந்திருந்தா என் புருஷன் இன்னிக்கி உசுரோட இருப்பாரு. அந்த ஆத்தாமைலதான் சார் நான் படிக்கவே வந்தேன்."

டெஸ்ஸா நிமிர்ந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்த வீட்டுக்காரி நான்தான். எங்க வீட்ல பியானோவே கிடையாது, நோரீன்."