நகராத புழுக்கள்

அந்தப் புழுக்களால் நகரவே முடியாது. நரம்பு முனையிலிருந்து செய்தியை வெளியே தள்ள ஒரு புரதம் வேண்டும். அதை நாங்கள்தான் அவற்றுக்கு இல்லாமல் செய்தோம். கண்ணாடித் தட்டின் நடுவில் விட்டால் போட்டது போட்டபடி கிடக்க வேண்டும். அதைப் படம் எடுத்துக் கொடுத்தால் என் ஆய்வு முடிந்தது.

ஆனால் தினமும் காலையில் ஓரத்தில் கிடந்தன. என் நாற்காலி இருக்கும் பக்கத்து ஓரத்தில்.

"நல்ல புழுவை எடுத்துப் போட்டிருப்பே. கண்ணைத் திறந்து வேலை பாரும்மா" என்றார் பேராசிரியர். எல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

மறுபடி சோதித்தேன். அந்தப் புரதம் துளிகூட இல்லை. கேமரா வைத்தேன். படம் முழுக்க நடுவிலேயே கிடந்தன. கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஓரத்தில். எரிச்சலில் நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டேன். மறுநாள் எதிர் ஓரம்.

"நீ வீட்டுக்குப் போடி. நான் புதுத் தட்டு போட்டுப் பாக்கறேன்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. விட்டால் போதும் என்று கிளம்பினேன்.

ஆய்வகத்து ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். அங்கே நிற்கும்போது போனில் அழைத்தாள்.

"ஜன்னல் பக்கம் வந்துருச்சுடி."

பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். அது எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பின்தெருவில் திரும்பியது.

"இப்ப?" என்றேன்.



"கண்ணைத் துடைச்சுட்டுத் திரும்பப் பாக்கறதுக்குள்ள பின்பக்கம் போயிருச்சு. நீ பஸ் ஏறிட்டியா?"