ஓடைக்கு அப்பால்

அடுத்த கூட்டத்தோடு சண்டைக்கு ஓடையைத் தாண்டுவதென்றால் தாய் மந்திகள் எல்லாம் கூடிச் சம்மதிக்க வேண்டும். அந்தக் குரங்குக் கூட்டத்தின் சட்டம் அது. தலைவன் வேங்கன் ஒருநாள் யாரையும் கேட்காமல் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு தாண்டிவிட்டான். செம்பி என்ற மந்தியின் மகனும் போயிருந்தான்.

மறுநாள் உச்சிவேளையில், இன்னும் ஆள் சேர்க்க வேங்கன் மட்டும் திரும்பி வந்தபோது செம்பி மறித்தாள்.

"எங்களைக் கேட்கவில்லையே?"

"இது சண்டை இல்லை, செம்பி. காவல். நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர்கள் நம் அத்திமரத்தில் ஏறிவிடுவார்கள்."

"அவர்கள் வந்ததை யார் பார்த்தது?"

"வருவார்கள்."

மந்திகள் கூடின.

"இப்போது வேண்டாமென்றால், அங்கே நிற்கிற பிள்ளைகளுக்குத் துணை யார்?" என்று கேட்டான் வேங்கன்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மகனை நினைத்துச் செம்பியும் கையைத் தூக்கினாள். மிச்சமிருந்த இளவட்டங்களோடு வேங்கன் புறப்பட்டுப் போனான்.

பிறகு ஓடைப்பக்கமிருந்து ஒரு குரங்கு நொண்டிக்கொண்டு வந்தது. செம்பியின் மகன் காலையிலேயே செத்துப்போனான் என்று சொன்னது.



"வேங்கனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் செம்பி.

"அவர்தான் அவன் கண்ணை மூடிவிட்டார்."